செய்யாத தப்புக்கு மன்னிப்பு

குட்டியின் அப்பாவுக்கு,

குட்டியின் அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். ஜெயிலுக்கு எழுதிய கடிதங்களில் எல்லாம் முதல் வரியிலேயே உங்கள் உடம்பைப் பற்றிக் கேட்பேன். இந்த முறை கேட்கவில்லை. சாயப்பட்டறை முதலாளியின் மலை பங்களாவில் வேளாவேளைக்குச் சாப்பாடும் வெந்நீரும் கிடைக்கிறவருக்கு உடம்புக்கு என்ன கேடு?

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஜனாதிபதியே மன்னித்துவிட்டார், எல்லாம் முடிந்தது, முதலாளி இங்கேயே வேலை போட்டுத் தருகிறார், குட்டியைக் கூட்டிக்கொண்டு கிளம்பி வா என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு முறை படித்தேன். முதல் முறை அழுகை வந்தது. அடுத்த மூன்று முறையும் கோபம்தான். அது இன்னும் இறங்கவில்லை. வார்த்தைகள் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாவிட்டாலும் கடைசி வரை படியுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். செய்யாத தப்புக்கு எதற்கு மன்னிப்பு?

சாயப்பட்டறையில் கொதிகலன் வெடித்துப் பத்தொன்பது பேர் போன நாளிலிருந்து நீங்கள் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம். "நான் செக் பண்ணினப்ப பாய்லர் நல்லாத்தான் இருந்துச்சு." கோர்ட்டிலும் அதையே சொன்னீர்கள். அதற்கு மேல் எது கேட்டாலும், பதில் சொன்னால் நானே மாட்டிக்கொள்வேன், அதனால் பேச மாட்டேன் என்றீர்கள். அது உங்கள் உரிமை என்று நீதிபதியும் விட்டுவிட்டார். நாலு வருஷம் தண்டனை விழுந்தது. அப்போதும் நான் நம்பினேன். வெடித்த அன்று ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் நான்தான் நின்றேன். மதியத்துக்குள் தீப்புண் களிம்பு தீர்ந்து, பக்கத்து ஊரிலிருந்து வரவழைத்தோம். வாங்க வந்தவர்களின் கைகளைப் பார்க்க முடியாமல் சீட்டையே பார்த்துக்கொண்டு மருந்து கொடுத்தேன். அன்று வீட்டுக்கு வந்ததும், கொதிகலன் பத்திரமானது என்று அரசு ஆய்வாளர் கொடுத்த சான்றிதழில் கையெழுத்து உங்களுடையதுதானா என்று கேட்டேன். ஆமாம், ஆனால் பாய்லர் நல்லா இருந்தது என்றீர்கள். அதோடு கேள்வியை மடித்து வைத்துவிட்டேன்.

நம்பாமல் என்ன செய்வேன்? வீட்டுக் குக்கருக்கு வருஷா வருஷம் சேஃப்டி வால்வு மாற்றுகிற மனிதர் நீங்கள். விசில் ஒரு மாதிரி வந்தாலே அடுப்பை அணைத்துவிட்டு, மூடியைக் காதருகில் ஆட்டிப் பார்ப்பீர்கள். இந்த ஆள் பழுதான கொதிகலனுக்குச் சான்று கொடுத்திருப்பார் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் அப்படித்தான் மாடிப்படியில் நின்று சண்டை போட்டேன். பத்தொன்பது பேரில் ஒருத்தி அவர் மகள். அந்த அம்மாவைப் பார்த்து, என் வீட்டுக்காரர் மேல் அநியாயமாகப் பழி போடாதீர்கள் என்று நான் கத்தினேன். என் வாய்க்குப் பூட்டுப் போட அன்றைக்கு ஆளில்லாமல் போனது.

மன்னிப்புச் செய்தி வந்த மறுநாள் அந்த அம்மாவே வந்தார். நான் கதவைப் பாதிதான் திறந்தேன். சண்டைக்கு வரவில்லை. குட்டியின் பள்ளிச் சீருடையைத் தைத்து முடித்துக் கொடுக்க வந்திருந்தார். கொடுத்துவிட்டுச் சொன்னார்: "யாரோ மன்னிச்சாங்களாம், யாரோ வாங்கிக்கிட்டாங்களாம். எம்பொண்ணைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே." சீருடையை வாங்கிக்கொண்டு அப்போதுதான் கதவை முழுதாகத் திறந்தேன்.

போன வாரம் மாகாண அரசு வழக்கறிஞர் வந்தார். பேப்பரில் கிண்டல் செய்வார்களே, வழக்குக் கட்டுகளைத் துணிப்பையில் தூக்கிக்கொண்டு திரிகிறவர் என்று, அந்த அம்மாதான். நாட்டு அரசின் வக்கீல்கள் உங்களையும் பட்டறை மேனேஜரையும் முதலாளியையும் ஒரே பெரிய வழக்கில் சேர்த்து வேகமாக ஓடியபோது, இந்த அம்மா மாகாணச் சட்டப்படி போட வேண்டிய வழக்கைப் போடாமல் இரண்டு வருஷம் மேசைக்குள் வைத்திருந்தார். பயந்துவிட்டார், முதலாளியிடம் விலை போய்விட்டார் என்று ஊரே பேசியது. நானும் பேசினேன்.

அவர் நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். முதலாளி ஜனாதிபதிக்கு வேண்டப்பட்டவர் என்று அவருக்கு முதல் நாளே தெரியுமாம். "இவங்களுக்கு மன்னிப்பு வரும்னு எனக்குத் தெரியும்மா. ஜனாதிபதி கையெழுத்து நாட்டுச் சட்டத்தோட நின்னுடும், மாகாணச் சட்டத்துக்குள்ள வராது. என் வழக்கையும் அந்த வழக்கோட முடிச்சிருந்தா இன்னிக்கு என் கையில ஒண்ணும் இருந்திருக்காது. அதான் வாய மூடிட்டு இருந்தேன்." இப்போது பத்தொன்பது சாவுக்கும் முதலாளி மேல் வழக்குப் போட்டிருக்கிறார். திங்கட்கிழமை விசாரணை தொடங்குகிறது.

அதில் உங்களைச் சாட்சியாகக் கூப்பிடப் போகிறார். உங்கள் மேல் மாகாண வழக்கு எதுவும் போட மாட்டோம் என்று எழுதிய தாளை என்னிடமே காட்டினார். அந்தப் பக்கம் ஜனாதிபதி விட்டுவிட்டார், இந்தப் பக்கம் இவர் விட்டுவிடுகிறார். அப்புறம் பேசினால் மாட்டிக்கொள்வேன் என்று நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்? கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். பொய் சொன்னால் அது புதுக் குற்றம். மன்னிப்பு நேற்று வரை செய்ததற்குத்தானாம், இனிமேல் செய்வதற்கு முன்கூட்டியே யாராலும் தர முடியாதாம். முதலாளி உங்களையும் மன்னிப்புப் பட்டியலில் சேர்த்தது உங்கள் மேல் உள்ள பாசத்தால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களே, ஜெயிலில் இருந்தால் என்றைக்காவது வாய் திறப்பீர்கள் என்ற பயத்தால்தான் சேர்த்தார். பங்களாவும் வெந்நீரும் அதற்குத்தான்.

பிறகு அந்த அம்மா துணிப்பையிலிருந்து ஒரு நகலை எடுத்து வைத்தார். அதில் இப்படி இருந்தது: மேற்கண்ட குற்றத்துக்காக எனக்கு வழங்கப்பட்ட மன்னிப்பை முழுமனதுடன் ஏற்றுக்கொள்கிறேன். கீழே உங்கள் கையெழுத்து. வெறும் சம்பிரதாயத்துக்கு ஒரு படிவம் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் தாண்டிப் போனது இதுதானா? என்னிடம் இரண்டு வருஷம் இல்லை என்று சாதித்ததை, முன்பின் தெரியாத ஒரு அதிகாரி நீட்டிய தாளில் முழுமனதுடன் ஒத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதை என்னிடம் ஒத்துக்கொண்டிருக்கலாமே. நான் அடித்தா விரட்டியிருப்பேன்? அழுதிருப்பேன், கத்தியிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். அப்புறம் உங்களோடு கோர்ட்டுக்கு வந்திருப்பேன்.

இன்னொன்று. இந்த மாதம் குக்கர் வால்வு மாற்ற வேண்டிய மாதம். புது வால்வு இருக்கிறதா என்று பரணில் நீங்கள் வைத்திருக்கும் தகரப் பெட்டியை இறக்கினேன். ஒவ்வொரு பழைய வால்விலும் கழற்றிய தேதியை எழுதி நூலில் கட்டி வைத்திருக்கிறீர்கள். எதையும் தூக்கிப் போடாத புண்ணியவான் என்று முனகிக்கொண்டே கிளறினேன். அடியில் உங்கள் வேலை நோட்டு இருந்தது, நீலமும் சிவப்புமாக அட்டை போட்டது. கோர்ட்டில் தொலைந்துவிட்டது என்று சொன்னீர்களே, அதேதான்.

பதினொன்றாம் தேதி: அடிப்பக்க வெல்டிங் ஓரத்தில் கசிவு. அழுத்தம் நிற்கவில்லை. உடனே நிறுத்த வேண்டும். பன்னிரண்டாம் தேதி: முதலாளி அறை, மாலை நாலு மணி. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் முழுக்க வெறுமை. சான்றிதழின் தேதி பதின்மூன்று.

அந்தப் பதின்மூன்றாம் தேதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்குத்தான் உங்கள் இடமாற்றம் ரத்தானது. அந்தக் கண்காணாத ஊருக்கு நான் வரமாட்டேன், ஆஸ்பத்திரி வேலையை விடமாட்டேன், குட்டியின் படிப்பு என்ன ஆவது என்று ஒரு மாதமாக உங்களை உட்காரவிடாமல் அரித்தவள் நான். ரத்தானது எப்படி என்று நான் கேட்கவே இல்லை. அன்று சாயங்காலம் இனிப்பு வாங்கி மாடிப்படியில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன். தையல்காரம்மாவின் மகள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "என்னக்கா விசேஷம்?" என்று கேட்டு ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். அடுத்த வாரம் பாய்லர் வெடித்தது. உங்கள் மேல் இருக்கிற கோபத்தில் பாதி என் மேல்தான்.

நோட்டு இருப்பதை வழக்கறிஞர் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. புருஷனுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்படி என்னைக் கட்டாயப்படுத்த முடியாதாம், அதையும் அவரே சொல்லிவிட்டுப் போனார். ஆனால் நோட்டை மறுபடி பெட்டிக்குள் வைக்க எனக்குக் கை வரவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கோர்ட்டு வாசலில், தபால் பெட்டிப் பக்கம் நிற்பேன். நோட்டு என் கைப்பையில் இருக்கும். வாருங்கள். என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நீங்களே உள்ளே போய்க் கொடுங்கள். அந்த அறையில் நாலு மணிக்கு யார் என்ன சொன்னார்கள் என்பதை, தையல்காரம்மாவின் காதில் விழும்படி, உங்கள் வாயால் சொல்லுங்கள். பத்தரை வரை பார்ப்பேன். அதற்குப் பிறகு நானே உள்ளே போவேன்.

முதலாளியின் காரில் வர வேண்டாம். பஸ்ஸில் வாருங்கள். மலைப்பாதையில் உங்களுக்குத் தலை சுற்றும், ஜன்னலோரம் உட்காருங்கள். வெறும் வயிற்றில் கிளம்பாதீர்கள்.

குட்டி உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். திங்கட்கிழமை தெரியும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். புது வால்வு கிடைத்துவிட்டது, மேசை மேல் இருக்கிறது. கடைக்காரர் தானே மாட்டித் தருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். அதுவரை சமையல் பானையில்தான் நடக்கிறது. நீங்கள் பார்த்துச் சரி என்று சொல்லாமல் அந்தக் குக்கரை அடுப்பில் ஏற்ற எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

வழி பார்த்திருக்கும்,
குட்டியின் அம்மா