மஞ்சளில் கறுப்பு இலை

வியன்னா,
மார்ச் 1934

என் உயிர்ப் பேரன் வென்ஸலுக்கு,

பாட்டி அமாலியா எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன். போன மாதம் அரசுப் படை நம் தொழிலாளர் குடியிருப்பைச் சுட்ட பீரங்கிச் சத்தத்தில் இடது காது போய்விட்டது. போகட்டும், ஆசையாகக் கேட்க இங்கே எதுவும் இல்லை. இதைத் தலையணை உறைக்குள் வைத்துத் தைத்து, எல்லை தாண்டி, நீ ஒளிந்திருக்கும் ஊருக்கு வரும் முட்டைக்காரியிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கடிதத்தை அடுப்பில் போடு.

தொடைக் காயம் ஆறிவிட்டது, பனி உருகியதும் வந்து ஹெர்மீனாவின் கழுத்தை நெரிப்பேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறாய். அவள் காட்டிக்கொடுத்ததை யாரோ உன் காதில் போட்டிருக்கிறார்கள். அது பாதிக் கதை. மீதியை நான் சொல்கிறேன்.

நம் ஜன்னல் திரை உனக்கு நினைவிருக்கும். துணி அச்சுப் பட்டறையில் நானே கட்டை பிடித்து மஞ்சளில் கறுப்பு இலை அடித்த துணி அது. கறுப்புக் கட்டை ஒரு விரற்கடை நழுவிப் பதிந்ததால், விற்க முடியாது என்று எனக்கே கொடுத்துவிட்டார்கள். அதை மாட்டிய அன்று, அதே மாடியில் நாலு ஜன்னல் தள்ளிக் குடியிருக்கும் இந்த ஹெர்மீனா முற்றத்தில் நின்றுகொண்டு, "ஏன்டி அமாலியா, இது இலையா, நசுக்கின கரப்பானா?" என்று ஊர் சிரிக்கக் கேட்டாள். பிறகு பணக்கார வீடுகளில் அது தொங்குவதைப் பார்த்துவிட்டுக் கடையில் போய் அதையே வாங்கினாள். "உன்னுது கழிவு, என்னுது முதல் தரம்" என்றாள். வெயிலில் வெளுக்காமலிருக்க வெளிப்பக்கம் வெள்ளை வலைத்திரையும் போட்டாள். பட்டினி வருஷத்தில் என் விறகைத் திருடியவளும் இவள்தான். நான் எதையும் மறக்கவில்லை.

சண்டையின் இரண்டாம் நாள் நீயும் உன் தோழர்களும் நம் ஜன்னலிலிருந்து படையைச் சுட்டதில், வாசலில் ஒரு சிப்பாயின் தாடை பெயர்ந்து விழுந்தது. நான் முற்றத்துக் குழாயடியில் வாளியோடு நின்றிருந்தேன். அதிகாரி ஹெர்மீனாவை மறித்து, "எந்த வீடும்மா? எல்லா ஜன்னலும் ஒரே மாதிரி இருக்கே" என்றான். அவள், "மூணாவது மாடி. மஞ்சள்ல கறுப்பு இலை போட்ட திரை. கண்ணை மூடிட்டுச் சுட்டாலும் தப்பாது" என்றாள்.

வாளியைப் போட்டுவிட்டு மேலே ஓடினேன். நீ தரையில் ரத்தத்தில் கிடந்தாய். திரையைக் கம்பியோடு பிடுங்கினேன். கிழித்து உன் தொடையில் கட்டினேன். நீ மயங்கிவிட்டாய், அதனால் உன்னைத் தூக்கியது யார் என்று உனக்குத் தெரியாது. ஹெர்மீனாவின் புருஷன் அலோய்ஸ் கிழவர்தான். "கத்தாதீங்க அமாலியா, பையன் பொழைச்சுப்பான்" என்று சொல்லி, உன்னை மூட்டையாகத் தோளில் போட்டுக் கரி நிலவறையில் உன் தோழர்களிடம் சேர்த்தார். பிறகு கூண்டுக் குருவியை எடுத்துவர வேண்டும் என்று தன் வீட்டுக்குப் போனார்.

பீரங்கியின் முதல் குண்டு தெருவில் விழுந்தது. அந்த வரிசைக் கண்ணாடி முழுதும் நொறுங்கியது. ஹெர்மீனாவின் வெள்ளைத் திரை பிய்த்துக்கொண்டு பறந்தது. உள்ளே இருந்த மஞ்சள் வெளியே தெரிந்தது. வாசலில் நின்ற அவள், "அது என் வீடுய்யா! அது இல்லய்யா!" என்று அதிகாரியின் காலைக் கட்டிக்கொண்டாளாம். "நீதானேம்மா அடையாளம் சொன்னே" என்றானாம் அவன். ரொட்டிக்காரர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

அடுத்த குண்டு அந்த ஜன்னலுக்குள் போனது. அலோய்ஸின் கை மாடிப்படியில் கிடந்தது. மோதிரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நான் என் திரையைத்தான் கழற்றினேன். அவள் திரையை அவளேதான் மாட்டினாள். பாதிரியாரிடமும் இதைச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

அவள் வீடு இப்போது வெறும் ஓட்டை. நம் சமையலறையில், உன் கட்டிலில்தான் படுக்கிறாள். சூப்புத் தட்டை அவள் முன்னால் ணங்கென்று வைப்பேன். பேசமாட்டேன். "திட்டவாவது திட்டேன் அமாலியா" என்று நேற்று அழுதாள். அதையும் கொடுக்கவில்லை.

நீ வராதே, கண்ணா. அவள் கழுத்தை நெரிக்க உனக்கு ஒரு நிமிஷம் போதும். உன் கழுத்துக்கு இங்கே கயிறு தயாராக இருக்கிறது. அவளை வெறுக்கிற வேலையை என்னிடம் விடு. எனக்கு அது பழக்கம், உன்னைவிட நன்றாகச் செய்வேன்.

இந்தத் தலையணை உறை அந்தத் திரையில் மிஞ்சியதுதான். பழுப்புக் கறை உன்னுடையது. எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. இதில் தலை வைத்துத் தூங்கு. அலோய்ஸ் தோளில் சுமந்த உடம்பு உன்னுடையது. கிழவனாகும்வரை பத்திரமாக வைத்திரு.

உன்னை மாதா காக்கட்டும்.

உன் பாட்டி,
அமாலியா