மதகுக்காகக் கொடுக்கப்பட்ட ராணிகள்

என் அன்புச் சித்திக்கு,

நீ பொய் எழுதினாய். ஒரு நாவலில் இல்லை, எல்லா நாவல்களிலும். அந்தப் பொய்யை நம்பி உன் அக்கா மகள், என் தங்கை யாழினி வருகிற வெள்ளிக்கிழமை தலையில் நிச்சயப் பூ வைத்துக்கொள்ளப் போகிறாள்.

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. உன் வாசகிகள் முகநூலில் உன் படத்தைப் போட்டு உருகி உருகி எழுதுகிறார்கள். அதில் ஒரு அம்மா, "மேடம் கதையைப் படிச்ச பிறகுதான் எங்க வீட்டுக்காரரைப் பொறுத்துக்கவே கத்துக்கிட்டேன்" என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே வரிசையாக இதயப் படங்கள்.

உன்னைப் படிக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். உன் நாவல்கள் எல்லாம் ராஜா காலத்துக் கதைகள். எல்லாவற்றிலும் ஒரு ஒப்பந்தக் கல்யாணம். போரை நிறுத்த, கோட்டையை மீட்க, எதற்காவது ஒரு இளவரசியை எதிரிக்குக் கட்டிக்கொடுப்பார்கள். அவன் கல் மாதிரி இருப்பான். பேச மாட்டான், சிரிக்க மாட்டான். பதினைந்தாம் அத்தியாயத்தில் அவளுக்குக் காய்ச்சல் வரும். உன் கதையில் காய்ச்சல் வராத ராணியே கிடையாது. விடியும்வரை அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அத்தோடு கல் கரைந்துவிடும். அவள் ஏறி வந்த பல்லக்கைத் தூக்கியவன் யார், அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை உண்டா என்று நீ ஒரு வரி எழுதியதில்லை. நம் ஆட்கள் அந்தக் காலத்தில் இருந்திருந்தால் அந்தப் பல்லக்குக்குக் கீழேதானே சித்தி இருந்திருப்போம்?

அதிகம் விற்றது உன் மதகு நாவல். வாய்க்கால் முடிகிற கடைமடை நாட்டு இளவரசியை மேட்டு நாட்டு அரசன் இரணவேளுக்குக் கொடுப்பார்கள், அவன் மதகைத் திறந்து தண்ணீர் விடுவதற்காக. யாழினிக்கு அது மனப்பாடம். உன் முதல் கதாநாயகியின் பெயரைத்தானே அவளுக்கு வைத்தாய்?

இனி நம் வீட்டுச் செய்தி. சீர்காழிக்குக் கிழக்கே நம் நிலத்தில் போர்வெல் தண்ணீர் முழுசாக உப்பாகிவிட்டது. வாய்க்கால் தண்ணீர் எங்கள் கடைமடை வரை வந்து சேர்வதில்லை. மேற்கே இரண்டு வயல் தள்ளி ஒருவருடைய போரில் மட்டும் நல்ல தண்ணீர். அவர்களும் நம் ஆட்கள்தான், நமக்கு முன்னால் கொஞ்சம் மேலே ஏறியவர்கள். அந்த வீட்டு இளைய மகனுக்குப் பெண் தேடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தது யார் தெரியுமா? உன் வீட்டுக்காரர். எங்கள் சித்தப்பா.

"தங்கமான பையன். ஒரே ஒரு குணம், அதிகம் பேச மாட்டான். அது நல்லதுதானே?" என்றார்.

அப்பா தயங்கினார். அதை நான் மறைக்கவில்லை. யாழினிதான் அடுக்களையிலிருந்து வந்து, "நான் கட்டிக்கிறேன்ப்பா, நமக்குத் தண்ணி வரும்ல" என்றாள். பயத்தில் சொல்லவில்லை சித்தி. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. பல்லக்கில் ஏறுகிற முகம்.

பூ வைப்பதற்கு முன்னாலேயே மாப்பிள்ளை ஆகப்போகிற அந்த ஆள் குழாய் போட்டுத் தண்ணீர் விட்டுவிட்டார். எங்கள் நாற்றங்கால் இப்போது அவர் தண்ணீரில்தான் பச்சையாக நிற்கிறது. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. "மாப்பிள்ளை முறுக்குக்கு முன்னாடியே மாப்பிள்ளை தண்ணி வந்துருச்சே" என்று கேலி வேறு. எனக்கு மட்டும் அந்தப் பச்சையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அவள் வேண்டாம் என்று சொல்ல இனி ஒரு நாற்றங்காலையே காயவிட வேண்டும்.

இடையில் ராசு அண்ணன் வயல் இருக்கிறது. போன வாரம் அவர் குழாய் இணைப்பைக் கொஞ்சம் தளர்த்தித் தன் நாற்றுக்கு ஒரு பாத்தி தண்ணீர் விட்டுக்கொண்டார். அந்த ஆள் வந்தார். திட்டவில்லை, கை ஓங்கவில்லை. தன் மோட்டார் கொட்டகைக்குள் போய் பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ராசு அண்ணன் பின்னாலேயே ஓடினார். "தப்புதான் தம்பி, தெரியாம செஞ்சிட்டேன், ஒரு வார்த்தை பேசுங்க" என்று வரப்பில் நின்று கும்பிட்டார். அந்த வயசுக்காரர் கும்பிட்டதை நான் பார்த்தேன். அந்த ஆள் திரும்பிப் பார்க்கவே இல்லை. ராசு அண்ணன் நாற்று நுனி கருகிய பிறகுதான் பியூஸ் கட்டை திரும்பி வந்தது.

இதை யாழினியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"இரணவேளும் இப்படித்தாண்ணா. ஊருக்குத்தான் கல்லு. நமக்கு மட்டும் முன்னாடியே தண்ணி வுட்டாரா இல்லியா?"

"அது கதைடி."

"உனக்கு எல்லாமே தப்புதான். சித்தி பொம்பளை மனசு தெரிஞ்சு எழுதினவங்க. உனக்கு என்ன தெரியும்?"

என்னைப் பதற வைப்பது இதுதான். அவளிடம் எந்தக் கெட்ட அடையாளத்தைக் காட்டினாலும், அது உள்ளே ஒளிந்திருக்கிற பாசத்துக்கு அடையாளம் என்கிறாள். முறைத்தால் பாசம். பேசாவிட்டால் ஆழம். அவன் அடித்தாலும் அதற்கு ஒரு அத்தியாயம் கண்டுபிடிப்பாளோ? இப்படிப் படிக்க நீதானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாய்?

மாப்பிள்ளை வீடு பார்க்க நானும் போயிருந்தேன். மாப்பிள்ளையின் அண்ணி காப்பி கொண்டுவந்தார். மாப்பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தார், அவ்வளவுதான். கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. அண்ணி தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். "வேற போட்டுக்கிட்டு வாம்மா" என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்ன பிறகுதான் அந்தக் கால்கள் நகர்ந்தன. நான் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனபோது அந்த அண்ணி குழாயடியில் இருந்தார்.

"தம்பி, உங்க தங்கச்சி நல்லா பேசுமா?"

"ரொம்பப் பேசும். வாயே மூடாதுங்க."

அவர் ஏற்கெனவே கழுவிய டம்ளரை மறுபடி கழுவினார்.

சித்தி, அந்த நிற்றல் எனக்குப் பழக்கமானது. பள்ளிக்கூடத்துக் கடைசி இரண்டு வருஷம் திருப்பனந்தாளில் உன் வீட்டில் தங்கித்தானே படித்தேன். யாழினிக்கு உன் புத்தகம்தான் தெரியும், உன் வீடு தெரியாது. மத்தியானத்தில் தையல் மிஷின் பலகையில் பேப்பரை வைத்து எழுதுவாய். தெருமுனையில் சித்தப்பா வண்டிச் சத்தம் கேட்டால் உன் பேனா வார்த்தையின் நடுவிலேயே நின்றுவிடும். வரியை முடிக்கலாம் என்றுகூட உனக்குத் தோன்றாது. உன்னுடையதும் ஒப்பந்தக் கல்யாணம்தானே? தாத்தா குடியிருந்த மனைக்குப் பட்டா கிடைக்கவேண்டும், சித்தப்பாவின் அண்ணன் தாலுகா ஆபீஸில் இருந்தார். பட்டா வந்தது. நீ சித்தப்பா வீட்டுக்குப் போனாய்.

ஒருநாள் உன்னிடமே கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "ஏன் சித்தி, எல்லாக் கதையிலயும் அவன் கடைசியில நல்லவனாயிடுறான்?"

நீ வெங்காயம் உரித்துக்கொண்டே சிரித்தாய். "இல்லேன்னா யாருடா வாங்குவா? பஸ்ல படிச்சு முடிச்சிட்டு எறங்குறவ வீட்டுக்குத்தானே போயாவணும்?"

அன்றைக்கு நானும் சிரித்தேன். இப்போது அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. வீட்டுக்குப் போகிறவளுக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று எழுதினாய். இன்னும் அந்த வீட்டுக்குப் போகாத ஒருத்தியும் அதைப் படிப்பாள் என்று நினைத்துப் பார்த்தாயா?

நேற்று அப்பாவிடம் சண்டை போட்டேன். "நெலம் எனக்குத்தான வரப்போவுது? எனக்கு வேணாம்ப்பா. அதுக்காக அவளைக் குடுக்காதீங்க" என்றேன். அப்பா, "இந்த மண்ணுல கூலிக்கு நின்னவன் மவன் நான். எங்கப்பன் குனிஞ்ச எடத்தை நான் வாங்கி நிமிர்ந்து நிக்கிறேன். இதை உப்பு பூத்துப் போவட்டும்னு வுட்டுட்டுப் போங்கறியா?" என்றார். அவர் சொல்வது பொய் இல்லையே. கடல் தண்ணீரை நிலத்துக்குள் விட்டவர்கள், தண்ணீரைக் கடைமடைக்கு அனுப்பாதவர்கள் எல்லாரும் எங்கோ நிம்மதியாக இருக்கிறார்கள். கணக்கு என் தங்கை தலையில் விடிகிறது.

வெள்ளிக்கிழமை பூத்தட்டைச் சித்தப்பாதான் முன்னால் நின்று வாங்கப்போகிறார். பூ வைத்துவிட்டால் நம் பக்கத்தில் பின்வாங்க முடியாது, உனக்குத் தெரியும். அதனால்தான் இதை உன் வாசகிகள் கூடுகிற முகநூல் பக்கத்திலேயே போடுகிறேன். நான் சொன்னால் யாழினி கேட்கமாட்டாள். உன் பெயர் இருந்தால் கடைசி வரி வரை படிப்பாள். சித்தப்பாவும் படிப்பார்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை நான் வாசற்படியில் நிற்பேன். அதற்கு முன்னால் அவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் குழாயை என் கையாலேயே கழற்றிப் போடுகிறேன். நாற்று காயட்டும். அப்பாவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் அந்த வார்த்தையை அவளிடம் வாங்க உன்னால்தான் முடியும். உனக்கும் காய்ச்சல் வந்தது சித்தி, கடைசிக் காய்ச்சல். நான்தான் கட்டில் பக்கத்தில் இருந்தேன். சித்தப்பா வாசற்படியில் நின்றபடியே, "அப்ப இன்னிக்குச் சோறு யாரு வடிப்பா?" என்று கேட்டார். நீ எழுந்திருக்கப் பார்த்தாய்.

யாழினி இதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் சொல். சித்தப்பா எந்த அத்தியாயத்தில் மாறினார்?

உன் அக்கா மகன்,
கதிர்