பெலிக்கனில் எத்தனை பேர்?

டேட்டன், ஒஹாயோ
டிசம்பர் 10, 1996

அன்பு வெர்னனுக்கு,

குழந்தை நலம். நம் ஜோனெல்லும் நலம், தையல் போட்ட இடம்தான் இன்னும் வலிக்கிறதாம். பேத்திக்கு அப்படியே உன் காது. பாவம், பெண் குழந்தை.

போனில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். நீ உடனே படகின் பேட்டரி, தண்ணீர்க் குழாய் என்று ஆரம்பிப்பாய், நான் கத்திவிட்டு வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். கிறிஸ்துமஸுக்கு நான் வரவில்லை. அதற்குப் பிறகும் படகுக்கு வரமாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. இங்கே இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறேன். ஜனவரியில் குடிபோகிறேன். இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது.

வீட்டை விற்றுப் பெலிக்கன் படகில் குடியேறியபோது இரண்டே வருஷம் என்றாய். இது ஐந்தாவது வருஷம். காற்று எழும்பினால் நான் தூங்குவதில்லை. கயிறுகள் முனகுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன், நீ பக்கத்தில் குறட்டை விடுவாய். இங்கே வந்த முதல் நாள் ஆடாத கட்டிலில் படுத்து அழுதேன், வெர்னன். அத்தனை நிம்மதி.

யோசித்துப் பதில் எழுது. அப்புறம், பின்பக்க ஏணியை மேலே தூக்கிக் கட்டி வைக்காதே. தவறி விழுந்தால் தண்ணீரிலிருந்து கைக்கு எட்டாது. எத்தனை முறை சொல்வது?

உன்
ஆர்லீன்

*

பிரன்ஸ்விக், ஜார்ஜியா
டிசம்பர் 20, 1996

என் ஆர்லீனுக்கு,

காதைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேசாதே. நீ கல்யாணம் செய்துகொண்டதே இந்தக் காதைத்தான்.

சனிக்கிழமை படகுகளின் விளக்கு ஊர்வலம் நடந்தது. பக்கத்துப் படகு ஃபிளாய்ட் பாய்மரம் முழுக்கப் பல்பு கட்டினான், பாதி எரியவில்லை. எரிந்த பாதியும் கரைக்குத் திரும்புவதற்குள் அணைந்துவிட்டது. பரிசு தராவிட்டால் அடுத்த வருஷம் வேறு படகுத்துறைக்குப் போய்விடுவேன் என்று மிரட்டிக்கொண்டிருக்கிறான்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. அவன் மனைவி ஓடெட் இன்னும் டீச்சராகவே இருக்கிறாள். தினமும் காலை எட்டு மணிக்கு ரேடியோவில் ஒவ்வொரு படகாகப் பெயர் கூப்பிட்டு, எத்தனை பேர் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறாள். நீ போனதிலிருந்து நான் ஒழுங்காக ஒருவர் என்றுதான் சொல்லி வந்தேன். உன் கடிதம் வந்த மறுநாள் அவள், "ஆர்லீன் எப்ப வர்றா?" என்று கேட்டாள். நாற்பது படகு கேட்டுக்கொண்டிருக்கிறது. வரமாட்டாள் என்று என் வாயால் எப்படிச் சொல்வது? "நேத்து பஸ்ல வந்துட்டா, ஜலதோஷம், படுத்திருக்கா" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து பெலிக்கனில் இரண்டு பேர்.

ஓடெட் இரண்டு கிண்ணம் சூப் அனுப்பினாள். இரண்டையும் நானே குடித்தேன். கூப்பிடாமல் யாரும் அடுத்தவர் படகில் கால் வைப்பதில்லை, அதனால் பிழைத்தேன். உன் ஸ்வெட்டர் கொக்கியில்தான் தொங்குகிறது. பண்டிகை முடிவதற்குள் நீ வந்துவிட்டால் நான் சொன்னது பொய்யாகாது.

அந்த வீட்டைப் பற்றிப் பிறகு பேசலாம். ஏணியை இறக்கினால் காற்றில் தட்டிக்கொண்டே இருக்கிறது, எரிச்சலாக இருக்கிறது.

வந்துவிடு.

வெர்னன்

*

டேட்டன்
டிசம்பர் 28, 1996

வெர்னன்,

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு போன் வந்தது. ஜோனெல் எடுத்தாள். ஜார்ஜியாவிலிருந்து ஒரு போலீஸ்காரர். "உங்கம்மா தண்ணில விழுந்திருக்கலாம்னு நினைக்கிறோம். தேடிக்கிட்டிருக்கோம், இன்னும் கிடைக்கல" என்றாராம். நான் அடுப்பில் பால் புட்டிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் போனை வாங்கி, ஆர்லீன் பேசுகிறேன், என் கணவர் எங்கே என்று கேட்டேன்.

மிச்சத்தை ஓடெட் சாயங்காலம் சொன்னாள். மேல்தளத்தில் உறைபனி, உன் கால் வழுக்கியது, ஏணி எட்டவில்லை, துறைத் தூணில் ஒட்டியிருந்த சிப்பிகள் கையைக் கிழிக்க நீ அதைக் கட்டிக்கொண்டு தொங்கியிருக்கிறாய். எட்டு மணிக்குப் பெயர் கூப்பிட்டும் பெலிக்கன் பதில் சொல்லவில்லை என்று ஃபிளாய்ட் ஓடி வந்து உன்னை இழுத்துப் போட்டிருக்கிறான். குளிரில் உனக்கு வாய் திறக்கவில்லை. உள்ளே ஓடிப் பார்த்தால் என் படுக்கை காலி, ஸ்வெட்டர் மட்டும் தொங்குகிறது. உன்னைக் காப்பாற்றக் குதித்து நானும் மூழ்கிவிட்டேன் என்று நினைத்திருக்கிறார்கள். எழுபத்தொரு வயது மனிதன் அந்தத் தண்ணீரில் மூன்று முறை இறங்கியிருக்கிறான், என்னைத் தேடி. இப்போது நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் உனக்கு இரண்டு கட்டில் தள்ளிப் படுத்திருக்கிறான். "நான் நோட்டுல ரெண்டுன்னு எழுதியிருந்தேன், அதை நம்பித்தான் அவர் இறங்கினார்" என்று சொல்லி ஓடெட் அழுதாள்.

நீ உயிரோடு இருக்கிறாய் என்று முதலில் நானும் அழுதேன். பிறகு கோபம் வந்தது, இன்னும் போகவில்லை. நான் ஏன் வரவில்லை என்று உன் கடிதத்தில் ஒரு வரி கேட்கவில்லை. நான் உன்னோடு இருப்பதாக நாற்பது படகு நம்பினால் உனக்குப் போதுமாக இருந்தது.

மாப்பிள்ளை காரில் வந்து உன்னை அழைத்துவரத் தயாராக இருக்கிறார். வருவதானால் ஒரு வரி எழுது, உடனே கிளம்பச் சொல்கிறேன். வரவில்லையென்றால், ஓடெட் கேட்கும்போது உண்மையைச் சொல். நான் இனி அந்தப் படகில் இல்லை.

ஆர்லீன்

*

பிரன்ஸ்விக்
ஜனவரி 1, 1997

அன்புள்ள ஆர்லீனுக்கு,

கையில் கட்டு, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். திங்கட்கிழமை வீட்டுக்கு விட்டார்கள். படகுக்கு என்று எழுதியிருக்க வேண்டும்.

ஃபிளாய்டுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். "அடுத்த தடவை பொய் சொல்றதா இருந்தா வெயில் காலத்துல சொல்லு" என்றான். ஓடெட் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தூணில் தொங்கும்போது நான் யாரைக் கூப்பிட்டேன் தெரியுமா? உன்னை. பத்து நாளாக இரண்டு பேர் என்று சொல்லிச் சொல்லி, நீ உள்ளே படுத்திருப்பதாக நானே நம்பிவிட்டேன். ஆர்லீன், ஆர்லீன் என்று கத்தினேன். நீ ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்று கோபம்கூட வந்தது. கை விறைத்துப்போன பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது.

மாப்பிள்ளையை அனுப்பாதே. அந்தத் தரைத்தளத்தில் நான் ஒரு மாதம் நல்லவனாக இருப்பேன். பிறகு வேறொரு பொய்யைச் சொல்லி உன்னைத் திரும்பத் தண்ணீருக்கு இழுப்பேன். என்னை எனக்குத் தெரியும். ஏணியை இறக்கிவிட்டேன். அது தட்டுகிற சத்தத்தில் இரண்டு நாளாகத் தூக்கமில்லை. நீ ஐந்து வருஷம் இப்படித்தான் படுத்திருந்தாயா? என்னை எழுப்பியிருக்கலாமே. எழுப்பியிருப்பாய், நான் திரும்பிப் படுத்திருப்பேன்.

இன்று காலை எட்டு மணிக்கு ஓடெட் கூப்பிட்டாள். பெலிக்கன், எத்தனை பேர்?

"ஒருத்தர்தான், ஓடெட். ஆர்லீன் வரமாட்டா."

"ஒருத்தர். எழுதிக்கிட்டேன்" என்றாள். அடுத்த படகின் பெயரைக் கூப்பிட்டாள்.

மதியம் யாரோ படகைத் தட்டினார்கள். மேலே வருவதற்குள் போய்விட்டார்கள். புத்தாண்டுக்கு இங்கே எல்லோரும் சமைக்கிற காராமணிச் சோறும் கீரையும் மூடிவைத்திருந்தது. ஒரு தட்டுதான்.

உன் ஸ்வெட்டரைத் தனியாகத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

வெர்னன்