மிக்ஸி பிளக்கில் இருக்கும் மடிக்கணினி

கன்னியம்மாவுக்கு,

சமையலறையில், மிக்ஸியின் பிளக்கில் மாட்டியிருக்கும் சின்ன மடிக்கணினியைத் தயவுசெய்து தொடாதே. அதன் பேட்டரி செத்து வெகுகாலமாயிற்று; ஒயரை உருவினால் உடனே அணைந்துவிடும். விண்டோஸின் கனம் தாங்காமல் மூச்சுவாங்கிய அந்தக் கிழத்துக்கு, இலவசமாகக் கிடைக்கும் எடை குறைந்த லினக்ஸை ஏற்றிக்கொண்டிருக்கிறேன். நேற்றும் ஏற்றினேன். முடியும் தறுவாயில் நீ ஒயரை உருவிவிட்டு, "இன்னாய்யா, சட்னி முக்கியமா, உன் செத்த பொட்டி முக்கியமா? இட்லி ஆறிகினு கீது!" என்று என் மேலேயே பாய்ந்தாய். இன்று மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

கூடு கட்டிக்கொண்டிருந்த காகம் ஒன்று, பாதியில் அடிக்குச்சியை உருவிப் பல் குத்தியதாம். காகத்துக்கு ஏது பல் என்று கேட்காதே. எரிச்சலில் எழுதும்போது கதை இப்படித்தான் வருகிறது.

கைப்பேசியில் பேத்தியின் முகம் மிளகளவுதான் தெரிகிறது என்று உன் அக்காவிடம் அழுதது யார்? இன்று மாலை அக்கா புனேயிலிருந்து அந்தக் குழந்தையோடு அழைக்கிறாள். நீ பெரிதாகப் பார்க்க வேண்டும் என்றுதான் இத்தனை பாடு.

கூடத்துப் பிளக் எரிந்துவிட்டதால், நீள ஒயர் வைத்த பிளக் பெட்டி வாங்க வண்ணாரப்பேட்டைக்குப் போகிறேன். வந்து மீதியை முடிக்கிறேன்.

செங்குட்டுவன்

பி.கு.: இட்லிக்கு நேற்றைய மீன் குழம்பைச் சுடவைத்திருக்கிறேன். சட்னி வேண்டாம்.

இன்னொன்று: அக்கா முன்னதாகவே அழைத்தால் கைப்பேசியில் எடு. குழந்தையை மட்டும் நான் வந்தபின் காட்டச் சொல். அதுவரை இருவரும் என்னைக் குறை சொல்லிக்கொண்டிருங்கள். அதற்குச் சின்னத் திரையே தாராளம்.