ஜூலிக்காக நீ தூவிய உப்பு

அம்மா,

இன்று காலை வானூரில், நான் வேலை பார்க்கும் சேவை மையத்தில் ஒரு வாடை. பட்டா நகலுக்கும் ஆதார் திருத்தத்துக்கும் வந்து நின்றவர்கள் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து நாற்காலிப் பெண் மேசைக்கடியிலிருந்து தன் துணிப்பையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, கூனிக்குறுகிப் போனாள். புதிதாக நாய்க்குட்டி வாங்கியிருக்கிறார்களாம். பையிலேயே போய்விட்டதாம். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. வானூர் மறந்துபோய், நம் வீட்டுச் சிமெண்ட் தரை கண்முன் வந்தது. நீ புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் துடைப்பமும் மறு கையில் கல்லுப்புமாக நிற்கிறாய்.

அந்த வருஷம் மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. உப்புப் பாத்திகள் எல்லாம் ஒரே ஏரியாகிவிட, உனக்கும் அப்பாவுக்கும் உப்பளத்தில் வேலை நின்றுபோனது. கொட்டகையில் உப்பு மூட்டைகளுக்கு நடுவே குட்டி போட்டிருந்த நாய், தண்ணீர் ஏறியதும் குட்டிகளைக் கவ்விக்கொண்டு எங்கோ மேட்டுக்குப் போய்விட்டது. ஒன்றை மட்டும் எடுக்க வரவில்லை. அப்பா அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். நான் வாங்குவதற்குள் நீ குறுக்கே வந்தாய்.

"மழை பெய்யிற வரைக்கும் இருக்கட்டும். அதுக்குள்ள வெளிய போவப் பழகிக்கிச்சின்னா சரி. இல்லன்னா மழை விட்டதும் கொட்டகைக்குத்தான்."

தாயில்லாத குட்டியைக் கொட்டகையில் விட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். இருந்தாலும் அது உன் வீடு. நாய் வீட்டுக்குள் வருவதென்பதே நம் தெருவில் கேள்விப்படாத சங்கதி.

நான் டிகிரி முடித்து வீட்டிலிருந்த காலம் அது. நம் வீட்டிலிருந்து காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். ஆனால் வாசலில் யாராவது வந்து நின்றால் அடுப்படிக்குள் போய் ஒளிந்துகொள்பவளும் நான்தான். ஜூலி என்று பெயர் வைத்து, போனில் வீடியோ பார்த்துப் பழக்க ஆரம்பித்தேன். சாப்பிட்டதும் வெளியே தூக்கிப் போகவேண்டும். தூங்கி எழுந்ததும் தூக்கிப் போகவேண்டும். ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும். போய்விட்டால் பாராட்டவேண்டும். இதில் அந்த வார்த்தைதான் எனக்குப் பெரிய சோதனை. தெருவில் நின்று "ஒண்ணுக்குப் போ, ஒண்ணுக்குப் போ" என்று எப்படிச் சொல்வது? உதட்டுக்குள்ளேயே முணுமுணுப்பேன். ஜூலி என் முகத்தைப் பார்த்து வாலை ஆட்டும். உள்ளே தூக்கி வந்து இறக்கியதும் தரையில் குளம் கட்டும்.

எதிர்வீட்டு அக்கா ஒருநாள் வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி, "காலேஜ் முடிச்ச பொண்ணு நாய்க்கு க்ளாஸ் எடுக்குதுடி" என்றாள். எனக்குக் குட்டியைப் போட்டுவிட்டு ஓடலாம் போலிருந்தது. நீ உள்ளிருந்தபடியே பதில் சொன்னாய்.

"எடுக்கட்டும். உன் வூட்டுக்காரரையும் அனுப்பி வை. அந்த ஆளும் எங்க செவுத்துலதான வந்து நிக்கிறாரு."

அதன்பிறகு அந்த அக்கா எங்கள் வகுப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஆனால் உள்ளே உன் பொறுமை குறைந்துகொண்டே வந்தது. ஜூலிக்குக் கதவோரம் ஓர் இடம், கட்டில் கால் பக்கம் ஓர் இடம். மாற்றி மாற்றி அங்கேதான் போகும். நீ ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்து, மேலே ஒரு பிடி கல்லுப்பைத் தூவிவிடுவாய். பினாயில் வாங்கலாம் என்றால், வீடு ஆஸ்பத்திரி மாதிரி நாறும் என்பாய். மீன் குழம்பு சிந்தினாலும், எறும்பு வந்தாலும், யாராவது வாந்தி எடுத்தாலும் உன் கை போவது மூலையில் இருக்கும் உப்புச் சாக்குக்குத்தான். உப்பு விழுந்த இடத்தை எதுவும் அண்டாது என்று உறுதியாக நம்பினாய். ஜூலி மட்டும் அங்கேயே வந்து உட்காரும். நீ இன்னும் ஒரு பிடி சேர்த்துத் தூவுவாய்.

மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு சாயங்காலம், அடுப்படியில் காரப்பொடி என்கிற பொடிமீனைக் கழுவிக் கருவாட்டுக்கு உப்பில் புரட்டிக்கொண்டிருந்தாய். உப்பு சுற்றிலும் சிதறியிருந்தது. ஜூலி நேராக வந்தது. மீனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிதறிய உப்பின் மேல் கால் வைத்து ஒரு சுற்று சுற்றி, உன் முழங்காலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டது.

நீ கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும். கையைக் கழுவிவிட்டு, அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாய்: "மழை விட்டுடுச்சி. காலைல கொண்டுபோய் விட்டுட்டு வந்துடு."

நான் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் அது போனது அதுவே முதல் தடவை. அங்கே பழைய வாடை எதுவும் கிடையாது. இருந்ததெல்லாம் உப்புதான். குட்டிகளைப் பார்க்க அப்பாவோடு கொட்டகைக்குப் போயிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கண் திறந்து கொஞ்ச நாளே ஆன குட்டிகள், மூட்டைச் சந்திலிருந்து தள்ளாடி வந்து, கீழே கொட்டிக் கிடந்த உப்பின் மேல் ஒண்ணுக்கு உட்கார்ந்து எழுந்து, திரும்பத் தாயிடம் போய்ச் சுருண்டுகொண்டன. உப்பு காலில் நறநறத்தால் அதுதான் இடம் என்று அவை பழகியிருந்தன.

கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் உன்னிடம் எப்படிச் சொல்வது? பல வருஷம் உப்பு வாரிய கை உன்னுடையது. அந்தக் கையால் தூவியதுதான் தப்பு என்று நான் எந்த வாயால் சொல்வேன்? நீ அப்பாவுக்குச் சோறு போடும்வரை வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தேன். பிறகு சொன்னேன்.

"அம்மா, நீ உப்பு போடுறதாலதான் அது அங்க போவுது."

"இன்னாடி சொல்ற?"

மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். கொட்டகை, மூட்டை, நறநறப்பு எல்லாம். உன்னிடம் நான் அதுவரை அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. நீ குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாய்.

"அப்ப இத்தினி நாளும் நான்தான் அதுக்குக் கக்கூஸ் கட்டிக் குடுத்துகினு இருந்தேன்னு சொல்ற."

அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. நீ சிரிக்கவில்லை. அவருக்குத் தண்ணீர்ச் சொம்பை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டாய். அவ்வளவுதான், ஜூலி போய்விடும் என்று நினைத்துக்கொண்டுதான் படுத்தேன்.

காலையில் மறுபடியும் தூறல். எழுந்து பார்த்தபோது உன்னைக் காணவில்லை. வீட்டுக்குப் பின்னால், விறகு அடுக்கியிருந்த தகர ஷீட்டுக்குக் கீழே, கோணியைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு குனிந்து உப்பைத் தூவிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும், "அத்தப் புடிச்சிகினு வா" என்றாய்.

ஜூலியை இறக்கிவிட்டேன். முகர்ந்தது. சுற்றியது. விறகுக்குப் பின்னால் போனது, திரும்பி வந்தது. நீ மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாய்.

"போச்சா?"

"போச்சும்மா."

"அப்ப சொல்லு. நல்ல புள்ளன்னு சொல்லணும்னு உன் போன்ல சொல்றான் இல்ல?"

"நீ சொல்லேன்."

நீ தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊர்ப் பெரிய மனுஷியிடம் பேசுவதுபோல, "சரி சரி. உள்ள வா" என்று ஜூலியிடம் சொன்னாய். அப்பா அன்றைக்கு எங்கேயும் போகவில்லை. மழை நன்றாக விட்டு, பாத்தி வேலை தொடங்கிய பிறகும் கொட்டகைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. தரையை வெறும் தண்ணீரால் கழுவினோம். வெளியே தூவும் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். உப்பே இல்லாமலும் ஜூலி அங்கே போகப் பழகியது.

எனக்கு அந்த நாட்களில் பிடித்தது வேறொன்று. வாழ்க்கையில் நீ சும்மா நின்று நான் பார்த்ததே இல்லை. குட்டி உன்னை நிற்க வைத்தது. தகரம் குறுகல். இருவர் நின்றால் ஆளுக்கொரு தோள் நனையும். அப்படி நனைந்துகொண்டு, அது முகர்ந்து முடிக்கும்வரை பேசிக்கொண்டிருந்தோம். வானூரில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது, ஆனால் வருகிறவர்களிடம் பேச பயமாக இருக்கிறது என்று அங்கேதான் உன்னிடம் சொன்னேன். நீ ஜூலியைப் பார்த்தபடியே சொன்னாய்: "வர்றவங்களும் கூச்சத்தோடதான் வருவாங்க. நீ அவசரப்படுத்தாம நில்லு. அவங்களே சொல்லிடுவாங்க." இன்றைக்கும் கையெழுத்துப் போடத் தெரியாமல் கவுண்டரில் தயங்கி நிற்பவர்களிடம் நான் அப்படித்தான் இருக்கிறேன். அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

நீ போன அன்று வீடு நிறைய ஜனம். ஜூலியை யாரோ அடுப்படியில் போட்டுச் சாத்திவிட்டார்கள். யாருக்கும் அதன் ஞாபகம் இல்லை. எல்லாம் முடிந்து பொழுது சாயும்போது அப்பா கதவைத் திறந்தார். அது எங்கள் கால்களுக்கிடையே புகுந்து, தகர ஷீட்டை நோக்கி ஓடியது. அடுப்படித் தரை காய்ந்தே கிடந்தது. அப்பா அந்தத் தரையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "உங்கம்மா வளர்ப்பு" என்றார். அழுது ஓய்ந்த முகத்தோடு நாங்கள் இருவரும் லேசாகச் சிரித்தோம்.

இப்போது ஜூலிக்கு யாரும் கூட நிற்க வேண்டியதில்லை. தானே போய்த் தானே வந்துவிடும். ஆனாலும் வேலைக்குக் கிளம்பும் முன் நான் அங்கே போய் நிற்கிறேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அப்பா உள்ளிருந்து கூப்பிடுவார். ஒரு ஆளாக நின்றால் நனையாமல் நிற்கலாம். மழை நாளில் நான் ஓரமாகத் தள்ளி, ஒரு தோளை நனையவிட்டுத்தான் நிற்கிறேன், அம்மா.