நாலு இலைப் பலாக்கன்று

என்னங்க,

ஸ்கூலுக்குக் கிளம்பிவிட்டேன். மீன் குழம்பைச் சுடவைத்துச் சாப்பிடுங்கள். பத்து மணிக்குச் சவரி அண்ணன் பலாக்கன்றுகளை எடுத்துப் போக வருவார். முழங்கால் உயரம் வளர்ந்த மூன்றையும் கொடுத்துவிடுங்கள். நம் வாசலில் நடுவதற்கென்று நான் ஒதுக்கிய அந்த நாலு இலைக் குட்டைக் கன்றைத் தூக்கி எறிய வேண்டாம்.

"அது தேறாது புள்ள, பிடுங்கிப் போடு" என்று நேற்று நீங்கள் சொன்னதால்தான் நான் உங்களோடு பேசாமல் இருந்தேன். இன்று காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பல் விளக்கிக்கொண்டே அதற்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினீர்கள். "வளந்துரு சாமி, ஒன்னால ஒங்க அம்மா என்கூடப் பேச மாட்டேங்குறா" என்று வேறு கெஞ்சினீர்கள்.

தினமும் இப்படித்தானா? நானும் தினமும் சாயங்காலம் அரிசி கழுவிய தண்ணீரை அதற்குத்தான் ஊற்றுகிறேன். கன்று இருக்கும் பை சொதசொதவென்று கிடக்கிறது. வேர் எப்படிப் பிடிக்கும்? நாம் கண்டுகொள்ளாத மூன்றும் நன்றாகத்தானே வளர்ந்தன!

பையின் அடியில் நாலு ஓட்டை போட்டு வெயிலில் வையுங்கள். ஒரு வாரத்துக்கு இரண்டு பேருமே தண்ணீர் ஊற்றக் கூடாது.

செல்வி

வண்டிச் சாவி மீட்டர் பெட்டி மேல் இருக்கிறது.

கன்று ஏன் குட்டையானது என்று அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள். ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியோடு வாருங்கள். அதனிடம் கெஞ்சியதை என்னிடம் நேரில் சொல்லலாம்.