சின்ன வயதிலிருந்து தெரிந்தவர் யார்?

நவம்பர் 3, திங்கள்
மழை மூட்டம். தாள் நமுத்துப்போய் மெஷின் இரண்டு தடவை நின்றது. அடுத்த வருடத் தினசரி காலண்டரில் தை அமாவாசையைக் காணோம். புரூப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான். முழு லோடும் அச்சாகிவிட்டது. "ஏம்மா, சனங்க இதப் பாத்துத்தான் தர்ப்பணம் குடுக்குறாக. கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குவீகளோ?" என்றார் முதலாளி. மெதுவாகத்தான் சொன்னார். கத்தியிருக்கலாம்.
மறந்தவை: பால், மாத்திரை, கரண்ட் பில். குடை பஸ்ஸில். இந்த வருடம் மூன்றாவது.

நவ. 5, புதன்
வெயில். லீவு போட்டு மதுரையில் மனநல டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். போனில் பார்த்த ஒரு வீடியோ என்னைப் பற்றியே பேசியது, அதனால்தான். பெரியவர்களுக்கும் கவனக் குறைபாடு உண்டாம், ஏ.டி.எச்.டி. ஆனால் சின்ன வயதிலேயே இருந்ததா என்று தெரிந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியுமாம். "உங்கள அப்பலேருந்து தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்றார் டாக்டரம்மா.
அம்மா அப்பா போய்விட்டார்கள். கல்யாணம் நடக்கவில்லை. பள்ளிக்கூட ரிப்போர்ட் எங்கே தொலைந்ததோ. நாற்பத்தோரு வயது, எனக்காகச் சொல்ல ஓர் ஆள் இல்லை. அக்காதான், ஏழாயிரம்பண்ணையில். பேசி ஆறு வருடம்.

நவ. 6
தூறல். டயல் செய்து செய்து கட் பண்ணினேன். நாலு தடவை.
ஆறு வருடம் முன்னால், அக்கா மகளுக்கு இருக்கன்குடி கோயிலில் காது குத்து. எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. தாய்மாமன் இடத்தில் நான்தான் பிள்ளையை மடியில் வைக்க வேண்டும். அன்றைக்கு பஸ்ஸில் சாத்தூரில் இறங்க மறந்து கோவில்பட்டி போய்விட்டேன். தோடு என் பையில். திரும்பி வருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் மடியில் வைத்துக் குத்தி முடித்திருந்தார்கள். "அம்புட்டுத் திமிருடி ஒனக்கு" என்றாள். அதோடு சரி. எனக்கும் ரோஷம்.
ஐந்தாவது தடவை எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். "சனிக்கெழம டாக்டர பேசச் சொல்லு." வைத்துவிட்டாள்.

நவ. 8, சனி
மறுபடி மதுரை. அக்கா ஸ்பீக்கரில். சிலேட்டு தொலைத்தது, பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் தெருவில் வேடிக்கை பார்த்தது, பரீட்சையில் கேள்வித்தாளின் பின்பக்கத்தைப் பார்க்காமலே வந்தது. நானே மறந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். என்னை இவ்வளவு கவனித்த ஆள் வேறு யாருமில்லை. டாக்டர் முன்னாலேயே அழுதுவிட்டேன். வெட்கம்.
ஏ.டி.எச்.டி.தான் என்றார் டாக்டர். அக்காவிடமும் சொன்னார்: "இவங்க வேணும்னு செஞ்சதில்லம்மா."
அக்கா டாக்டரை விட்டுவிட்டு என்னிடம் கேட்டாள்: "அம்மாகிட்ட அம்புட்டு அடி வாங்குனியேடி. என்னால முடியலன்னு ஒரு தடவ சொல்லியிருக்கலாம்ல?"
என்னவென்று சொல்லியிருப்பேன் அக்கா? நானும் அதைத் திமிர் என்றுதான் நினைத்தேன்.